கூரைக்குப் போகாத பல்

கூரைக்குப் போகும் இரும்புக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

தியாகலிங்கம் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைப் படியில் வைத்தார். மத்தியானம் கதவோரத்துக் காற்றாடியைப் பார்க்க வந்தபோது, கதவு தானாகப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஓர் உடைந்த செங்கல்லை இடையில் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து எலிவேற்றரின் அபாய மணி அலறியது. யாரோ உள்ளே அகப்பட்டுவிட்டார்கள் என்று விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். செங்கல்லை எடுத்தாரா? நினைவில்லை. எடுக்கவில்லை, அது அங்கேயே கிடந்தது.

செங்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பை. இளஞ்சிவப்பு நிறம். வாரில் ஒரு வெள்ளை ரிப்பன் முடிச்சு. அந்தப் பையை அவருக்குத் தெரியும். அன்று காலையில்தான், கீழே எலிவேற்றர் வாசலில், அந்தப் பைக்குச் சொந்தக்காரி அவரை மறித்து வைத்துக் கேள்வி கேட்டிருந்தாள்.

கதவைத் தள்ளினார். மார்ச் மாதக் காற்று முகத்தில் அறைந்தது.

பதினான்கு மாடிக் கட்டடம். கூரை தட்டையானது, தாரின் மேல் சரளைக்கல் பரப்பியிருந்தது. நிழல் விழுந்த இடங்களில் உருகாத பனி கண்ணாடி போல உறைந்து கிடந்தது. விளிம்பில் சுற்றிவரச் சுவர் என்று ஒன்று உண்டு, ஆனால் வளர்ந்த ஒருவரின் முழங்காலுக்கும் எட்டாது. மனிதர் நடமாடுவதற்கென்று கட்டிய இடமல்ல அது.

வடக்கு மூலையில், அந்தச் சுவரை ஒட்டி, நிலாணி குந்தியிருந்தாள். ஏழு வயது. பச்சை ஜக்கெற். ஒவ்வொரு வெள்ளைக் கல்லாகப் பொறுக்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்து, வேண்டாததைச் சுவருக்கு அப்பால் போட்டாள். போட்டதும், அது எங்கே போய் விழுகிறது என்று எட்டிப் பார்த்தாள்.

தியாகலிங்கத்தின் இடது கை கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. அதை விடச் சொல்லி மனம் கட்டளையிட்டது. கை கேட்கவில்லை.

அவருக்கு உயரம் என்றால் பயம். மனைவி அருள்நாயகியைத் தவிர இந்தக் கட்டடத்தில் எவருக்கும் அது தெரியாது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் அவர் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்த காலத்தில் அந்தப் பயம் இருக்கவில்லை. சீமெந்து சேமிக்கும் கோபுரங்களின் வெளி ஏணியில் ஒரு கையால் பிடித்தபடி பீடி பற்றவைத்த மனிதர் அவர். சண்டை முற்றிய வருடத்தில் ஒருநாள், ஏணியின் பாதியில் நிற்கும்போது ஹெலிகொப்ரர் ஒன்று வந்து அந்தக் கோபுரத்தையே சுற்றத் தொடங்கியது. மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. அது சுடாமலே போய்விட்டது. ஆனால் அவரைக் கீழே இறக்க இரண்டு பேர் ஏறி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

ரொறொன்ரோவுக்கு வந்து, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறம்ரனில் களஞ்சியமொன்றில் பெட்டி தூக்கி, கடைசியில் ஸ்காபரோவின் மல்வேர்னில் இந்த வாடகைக் கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பராகச் சேர்ந்தார். தண்ணீர்க் குழாய் வெடித்தால் சுப்பர், குப்பைக் குழாய் அடைத்தால் சுப்பர், மேல்வீட்டுக்காரன் நடக்கிற சத்தம் கேட்டால் சுப்பர். வேலைக்குச் சேர்ந்தபோது கொம்பனி மனேஜர் கூரைக் கதவின் திறப்பை, சாவி வளையத்தோடு, அவர் கையில் வைத்து, “உம்மைத் தவிர வேறு எவரும் மேலே போகக்கூடாது” என்றார். தியாகலிங்கம் தலையாட்டினார். தானும் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தத் திறப்பால்தான் பற்கள் அவரைத் தேடி வரத் தொடங்கின.

பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால் கூரையில் எறியவேண்டும். அணில் அதை எடுத்துக்கொண்டு, தன் பல்லைப் போல உறுதியான ஒன்றை முளைக்கவைக்கும். பல் யாருடைய காலிலாவது மிதிபட்டால் புதுப்பல் கோணல். ஊரில் இதற்கு முற்றத்தில் நின்று கையை வீசினால் முடிந்தது காரியம். ஐந்தாம் மாடியில் குடியிருப்பவன் எந்தக் கூரையில் எறிவான்? கஜீவன் என்ற பையனின் தகப்பன் பல்கனியில் நின்று மேல்நோக்கி எறிந்து பார்த்தார். பல் மேலே போகவில்லை. கீழே நிறுத்தியிருந்த காரொன்றின் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கார்த் தரிப்பிடத்தில் அரை நாள் தவழ்ந்து தேடி எடுத்துக்கொண்டு தியாகலிங்கத்திடம் வந்தார்.

“அண்ணை, கூரைத் திறப்பு உங்களிட்டைத்தானே இருக்கு. இதை ஒருக்கா மேலை போட்டு விடுங்கோவன்.”

அவர் போட்டுவிட்டார். கஜீவனுக்கு முத்துப் போலப் பல் முளைத்தது. கதை மாடி மாடியாக ஏறி இறங்கியது. அதன் பிறகு, கட்டடத்தில் பாதிக்கு மேல் நம்மவர்கள்தானே, ஒவ்வொரு மாதமும் யாராவது கதவைத் தட்டினார்கள். ரிசுத் தாளில் சுற்றி, வெள்ளித்தாளில் மடித்து, படச்சுருள் டப்பாவில் போட்டு, கோயிலில் ஐயரிடம் அர்ச்சனைத் தட்டை நீட்டுவது போல இரண்டு கையாலும் நீட்டினார்கள். பெரியவர்கள் பகிடியாகப் ‘பல்லண்ணை’ என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அவர் சுப்பர் அங்கிள். அவர் கதவைத் திறந்து, சட்டத்தை இடது கையால் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் எறிவார். “அணில்பிள்ளை, பழசை எடுத்துப் புதுசைத் தா” என்று முணுமுணுப்பார். அவர் ஒரு தடவையும் எவரையும் ஏமாற்றியதில்லை.

நிலாணியின் பல் வந்த வாரம், பொயிலர் பழுதாகிக் கட்டடம் முழுவதும் குளிரில் நடுங்கியது. வீட்டுக்கு வீடு திட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுடைய தாய் யோகராணி சிவப்பு நூல் கட்டிய பல்லை நீட்டினாள். அதைப் பொயிலர் அறை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். மறுநாள் எலிவேற்றரில் நிலாணி கேட்டாள்:

“போட்டாச்சோ அங்கிள்?”

“ஓம் பிள்ளை, போட்டாச்சு.”

பின்னேரம் போடத்தானே போகிறோம் என்ற நினைப்பில் வந்த வார்த்தை. பின்னேரம் பொயிலர் மறுபடியும் நின்றது. பிறகு மறந்தே போனார்.

இன்று காலை அவள் மறித்தபோது கண்ணில் நீர் முட்டி நின்றது.

“அங்கிள், எனக்கு என்ர பல்லுத் திருப்பி வேணும்.”

“ஏன் குஞ்சு?”

“ரூத் ஃபெயரி எடுக்கிறதுக்கு. பல்லைத் தலையணிக்குக் கீழை வைச்சா, நித்திரையா இருக்கேக்கை ஃபெயரி வந்து எடுத்துக்கொண்டு காசு வைப்பா. வகுப்பிலை எல்லாருக்கும் வந்திட்டுது. ரீச்சர் சுவரிலை பேர் ஒட்டி வைச்சிருக்கிறா. என்னட்டைக் கேட்டவ, உன்ர பல்லுக்கு என்ன நடந்ததெண்டு. மை சுப்பர் ஹாஸ் இட், எங்கட சுப்பரிட்டை இருக்கு எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சவை.”

தியாகலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“கூரைக்குப் போனது திரும்பி வராதம்மா. அணில் கொண்டு போயிருக்கும்.”

“பதினாலு மாடிக்கு அணில் ஏறாது. அதுகள் பார்க்கிலை மரத்திலைதான் நிக்கிறது.”

“இஞ்சத்தை அணில் பெரிசு.”

“பெரிசெண்டா இன்னும் பாரம். ஏறவே ஏறாது.” அவள் விடவில்லை. “அப்ப பல்லு இன்னும் மேலைதான் கிடக்குது.”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெளியே குப்பை லொறி ஹோர்ன் அடித்தது. பிறகு பார்ப்போம் என்று ஓடிவிட்டார்.

இப்போது, கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி, அந்தப் ‘பிறகு’ எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தக்கூடாது. திடுக்கிட்டு எழும்பினால், சறுக்கினால், அவ்வளவுதான். சாப்பிடக் கூப்பிடுவது போல மெல்லக் கூப்பிட்டார்.

“நிலாணி.”

அவள் திரும்பினாள். பயமோ பதற்றமோ இல்லை. முகம் மலர்ந்தது.

“நல்லதாப் போச்சு, அங்கிள் வந்திட்டீங்கள். எந்தப் பக்கமா எறிஞ்சனீங்கள்?”

“இஞ்சாலை வா பிள்ளை, சொல்லுறன்.”

“அங்கை நிண்டு சொல்லுங்கோ. நான் இந்தப் பக்கம் கனக்கப் பாத்திட்டன். விட்டிட்டு வந்தா எந்தக் கல்லுப் பாத்ததெண்டு மறந்து போகும்.”

காற்று அவளுடைய தலைமயிரைக் கிளப்பி முகத்தில் போட்டது. ஒரு கையால் அதை ஒதுக்கிக்கொண்டு, மற்றக் கையை விளிம்புச் சுவரில் ஊன்றினாள்.

“பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். அங்கை உன்ர பல்லு இல்லை. நான் எறியேல்லை.”

“எறிஞ்சனான் எண்டு சொன்னனீங்கள்.”

“பொய் சொன்னனான்.”

நிலாணி அவரைக் கண் இடுக்கிப் பார்த்தாள்.

“நீங்கள் பொய் சொல்ல மாட்டீங்கள். அம்மா சொன்னவ. சுப்பர் அங்கிள் சொன்னா சொன்னதுதானாம். இப்பதான் பொய் சொல்லுறீங்கள், என்னைக் கீழை கூட்டிக்கொண்டு போறதுக்கு.”

“இல்லையம்மா. சத்தியமா லாச்சிக்குள்ளை கிடக்குது. சிவப்பு நூல் கட்டினபடி. பல்லிலை ஒரு கறுப்புப் புள்ளி.”

“அது எறியேக்கையும் பாத்திருப்பீங்கள்.”

சொன்ன பொய்யைப் பிள்ளை நம்பியது; உண்மையை நம்ப மறுக்கிறது. இத்தனை வருடம் இந்தக் கட்டடத்தில் சேர்த்து வைத்த நல்ல பெயரெல்லாம் இப்போது அவருக்கு எதிராகத் திரும்பி நின்றது.

நிலாணி ஒரு கல்லை எடுத்துப் பார்த்து அப்பால் போட்டாள். அது விழுந்த சத்தம் வர நேரமெடுத்தது. தகரத்தில் பட்டது போல ஒரு ‘டங்’. கீழே யாரோ ஓர் ஆண் குரலில் கத்தினார்.

“ஆரோ ஏசுகினம்,” என்றாள் நிலாணி. யார் என்று பார்ப்பதற்காக எழுந்து, ஒரு முழங்காலைச் சுவரின் மேல் வைத்தாள்.

கை சட்டத்தை விட்டது. எப்படி விட்டது என்று தியாகலிங்கத்துக்குத் தெரியாது. இரண்டு அடி வைத்தார். மூன்றாவதில் கால் மடங்கியது. வானம் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்தது; பிடிக்க ஒன்றும் இல்லை. அப்படியே முழங்காலில் விழுந்து, கையையும் ஊன்றி, சரளைக்கல்லின் மேல் தவழத் தொடங்கினார். அவளை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். ஏதாவது பேச வேண்டும்.

“நிலாணி, எனக்கொரு சந்தேகம். உன்ர ரூத் ஃபெயரி... அதுக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?”

முழங்கால் சுவரில் இருந்தபடியே தலை மட்டும் திரும்பியது.

“பல்லுத் தேவதை. அம்மா அப்பிடித்தான் சொன்னவ.”

“சரி, உந்தப் பல்லுத் தேவதை வருமோ, வருவாரோ, வருவாவோ?”

“வருவா. கேர்ள் தானே.”

“அப்ப அணில்?”

“அணில் வரும்.”

“உது என்ன ஞாயம்? ரெண்டு பேருக்கும் ஒரே வேலை. பல்லு எடுக்கிறது. தேவதைக்கு மட்டும் மரியாதை, அணிலுக்கு இல்லையோ?”

நிலாணி சிரித்தாள். முழங்கால் சுவரிலிருந்து இறங்கியது. “அணில் காசு வைக்காது, அங்கிள்.”

“ஓ. காசு வைச்சாத்தான் ‘வருவா’வோ?” கையின் கீழே கற்கள் குத்தின. இன்னும் கொஞ்சம். “அப்ப, ஒரு தேவதையோ, கன தேவதையளோ? இந்த ஸ்காபரோ முழுக்க ஒருத்தி எப்பிடி ஓடித் திரியிறது? பஸ்ஸிலையோ வாறவ?”

“பறந்து!”

“இந்தக் காத்துக்கோ?”

அவர் அதைச் சொல்லி வாய் மூடவில்லை, உண்மையாகவே காற்று ஒன்று எழும்பியது. கூரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உறுமிக்கொண்டு போனது. காற்றாடியின் தகர மூடி படபடவென்று அடித்தது. அந்தப் படபடப்பு அவருக்குத் தெரிந்த சத்தம். ஹெலிகொப்ரர். ஏணி. கண்ணை மூடினார். மூடியது பிழை; இப்போது கீழே தரை இருப்பதே மறந்துபோனது. கல்லின் மேல் குப்புறப் படுத்துவிட்டார். விரல்கள் சரளையைக் கிள்ளிப் பிடித்தன. முன்னே போகச் சொன்னார் உடம்பை. போகவில்லை. பின்னே போகச் சொன்னார். அதுவும் இல்லை. பிள்ளை விளிம்பில் நிற்கிறாள், காப்பாற்ற வந்த மனிதன் பாதி வழியில் பல்லி மாதிரி ஒட்டிக் கிடக்கிறான்.

“அங்கிள்?” குரல் வந்தது. “ஏன் படுத்திருக்கிறீங்கள்?”

வாயைத் திறந்தார். பகிடியொன்றும் வரவில்லை, சாட்டும் வரவில்லை.

“பயமா இருக்குது பிள்ளை.”

“என்னத்துக்கு?”

“உயரத்துக்கு.”

“நீங்கள் சுப்பர் எல்லோ?”

“சுப்பர்தான். எண்டாலும் பயம். நான் ஒருநாளும் அந்தக் கதவை விட்டு இஞ்சாலை வந்ததில்லை. பல்லெல்லாம் கதவிலை நிண்டுதான் எறிஞ்சனான், கண்ணை மூடிக்கொண்டு. இப்ப என்னாலை எழும்ப ஏலாமக் கிடக்குது.”

சத்தம் இல்லை. காற்று மட்டும். அந்த மௌனத்தில் அவள் எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று தெரியாமல் கிடந்ததுதான், ஏணியில் தொங்கியதை விட அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

பிறகு சரளைக்கல் நெரிபடும் சத்தம் கேட்டது. சின்னக் காலடிகள். கிட்டே வந்தன.

“நடிக்கிறீங்களோ?” என்று தலைக்கு மேலே குரல். கண்ணைத் திறந்தார். நிலாணி குனிந்து அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படி நடுங்க எந்த மனிதனாலும் நடிக்க முடியாது. அவள் முகம் மாறியது. ஜக்கெற் பையிலிருந்த கற்களை எல்லாம் கீழே கொட்டிவிட்டு, இரண்டு கையாலும் அவருடைய வலது கையைப் பிடித்தாள். விரல்கள் ஐஸ்கட்டி போல இருந்தன.

“எழும்ப வேண்டாம். வந்த மாதிரியே வாங்கோ. அங்காலை பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ.”

அவர் அவளையே பார்த்தார். அவள் பின்பக்கமாக நடந்தாள், கதவை நோக்கி. அவர் தவழ்ந்தார். வழியில் ஓர் உறைபனித் திட்டு. அவளுடைய சப்பாத்து ஒருமுறை சறுக்கியது. அவர் கை அவளை இழுத்துப் பிடித்தது. யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அந்த இடத்தில் சொல்வது கடினம்.

கதவின் இரும்புப் படி அவர் முழங்காலில் இடித்தது. உள்ளே விழுந்தார். அவளை இழுத்து உள்ளே போட்டார். செங்கல்லைக் காலால் எற்றினார். கதவு மூடி ‘கிளிக்’ என்று பூட்டியது.

அவளுடைய கையை அவர் விடவில்லை. “நோகுது அங்கிள்,” என்ற பிறகும் விடவில்லை.

படியில் காலடிச் சத்தம் இடித்துக்கொண்டு வந்தது. யோகராணி, ஒக்கலையில் கைக்குழந்தையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஏறி வந்தாள். மேல்மாடியிலிருக்கும் மயூரி வீட்டுக்கு விளையாடப் போவதாகச் சொல்லித்தான் மகள் போயிருந்தாள். கூரையிலிருந்து ஒரு பிள்ளை கல் போடுகிறது என்று கீழே யாரோ கத்துவதைக் கேட்டு, பச்சை ஜக்கெற் என்று சொன்னதும் ஓடி வந்திருக்கிறாள். வந்த வேகத்தில் மகளின் முதுகில் ஓர் அடி. அடுத்த கணம் கட்டிப்பிடித்து ஒப்பாரி. குழந்தையும் சேர்ந்து அழுதது.

“கடவுள் மாதிரி வந்து காப்பாத்திப்போட்டியள், அண்ணை.”

தியாகலிங்கம் படியில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“இல்லைத் தங்கச்சி. கதவைத் திறந்து விட்டிட்டுப் போனது நான்தான். பல்லைப் போடாமலே போட்டனான் எண்டு பிள்ளைக்குச் சொன்னதும் நான்தான். அதைத் தேடித்தான் வந்திருக்கிறாள்.”

யோகராணியின் அழுகை நின்றது. அவரைப் பார்த்தாள். எதிர்பார்த்த கோபம் வந்தது, ஆனால் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை.

“போடேல்லையோ? அப்ப இவ்வளவு நாளும் பல்லு எங்கை கிடந்தது?”

“லாச்சிக்குள்ளை.”

“லாச்சிக்குள்ளையோ! ஆணி, குறடு போட்டு வைக்கிற லாச்சிக்குள்ளை என்ர பிள்ளையின்ர பல்லு! கோணலா முளைச்சா ஆர் பதில் சொல்லுறது?” இப்படிக் கத்திய பிறகுதான் கூரைக் கதவின் பக்கம் கண் போனது. அந்தக் கதவைப் பார்த்தபடியே அவள் குரல் இறங்கியது. “என்ன அண்ணை நீங்கள்... நீங்களே இப்பிடிச் செய்தா...”

சொன்னது போதுமாக இருந்தது.

கொம்பனி மனேஜர் அலெக்ஸாண்டர் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். கயானாவில் பிறந்தவர், கோபத்தைக் குரலில் காட்டாதவர். யாரோ ஒருவருடைய காரின் கூரை நெளிந்திருந்தது. அந்தக் கார்க்காரர்தான் தொலைபேசி எடுத்திருந்தார். அலெக்ஸாண்டர் கூரைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

“இந்தப் பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு வழி இருந்தது. பழுது என்று சொன்னால் எல்லாருக்கும் சுகம்.

“பூட்டில் பிழையில்லை. நான் செங்கல் வைத்துவிட்டு மறந்துபோனேன்.”

மனேஜர் கையை நீட்டினார். தியாகலிங்கம் வளையத்திலிருந்து கூரைத் திறப்பைக் கழற்றிக் கொடுத்தார். இனிமேல் கூரை வேலைக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வருவான். இன்னொரு தடவை எதுவும் நடந்தால் வேலையும் அதோடு கிடைத்த வீடும் சேர்ந்து போகும். அலெக்ஸாண்டர் அதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு, நெளிந்த காரைப் பார்க்கப் போனார்.

அருள்நாயகி வேலையால் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, கணவனின் முழங்கால்களுக்கு மருந்து போட்டாள். “கூரை நடு வரைக்கும் போனீங்களோ?” என்று மட்டும் கேட்டாள். “ஓம்” என்றார்.

இருட்டுவதற்கு முன்பே பல்லை எடுத்துக்கொண்டு யோகராணி வீட்டுக்குப் போனார். சிவப்பு நூல் அப்படியே இருந்தது. நிலாணி அதை உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்புப் புள்ளியையும் பார்த்தாள்.

“நீங்கள் சொன்னது உண்மை,” என்றாள் கடைசியில். தீர்ப்பு மாதிரி இருந்தது.

தாய்க்கும் மகளுக்கும் அங்கேயே வழக்குத் தொடங்கியது.

“அப்பா லீவு நாளிலை வெக்ஸ்போர்ட்டிலை இருக்கிற மாமா வீட்டை கூட்டிக்கொண்டு போவார். அவையின்ர வீட்டுக் கூரையிலை எறிவம். தனி வீடு, பதிஞ்ச கூரை.”

“நோ! தலையணிக்குக் கீழைதான்.”

“தலையணிக்குக் கீழை பல்லு வைச்சுக்கொண்டு படுக்கிறது என்ன பழக்கமடி?”

“எல்லாரும் வைக்கினம்.”

“அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ.”

“உது உங்கட வீட்டுப் பல்லு,” என்றார் தியாகலிங்கம். “நான் இனிப் பல்லு விஷயத்திலை தலையிட மாட்டன்.”

யோகராணி மகளைப் பார்த்தாள். அன்று பின்னேரம் அந்தப் பிள்ளையை அவள் கீழே தரையில் பார்த்திருக்கக்கூடும் என்ற நினைப்பு முகத்தில் ஓடியிருக்க வேண்டும். பெருமூச்சு விட்டாள். “சரி, வைச்சுத் தொலை.”

நிலாணி துள்ளினாள். துள்ளிய வேகத்திலேயே நின்றாள். புதுக் கவலை ஒன்று வந்துவிட்டது.

“அங்கிள், கீழைக் கதவு பூட்டியிருக்குமெல்லோ? ஃபெயரி வாசலிலை எங்கட பஸ்ஸர் நம்பரை அமத்துவாவோ? நாங்கள் நித்திரையா இருந்தா ஆர் கதவு திறக்கிறது?”

யோகராணி மகளின் தலைக்கு மேலாகக் கண்ணைக் காட்டினாள். ‘நான் திறந்து விடுறன் எண்டு சொல்லுங்கோவன் அண்ணை.’ உதடு மட்டும் அசைந்தது. ஒரு சின்ன வார்த்தை. கேட்ட பிள்ளை நிம்மதியாகப் படுக்கும்.

நிலாணி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று வரைக்கும் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட பிள்ளை, இன்று அவர் கண்ணையும் கையையும் சேர்த்துப் பார்த்தாள்.

தியாகலிங்கம் காயம்பட்ட முழங்காலை மெல்ல மடக்கி அவளுடைய உயரத்துக்குக் குந்தினார்.

“நான் அவவை ஒருநாளும் கண்டதில்லை பிள்ளை. எந்த வழியாலை வாறவ எண்டும் எனக்குத் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லுறன். அவ வந்தா, நான் மறிக்க மாட்டன்.”

நிலாணி தலையாட்டிவிட்டு, பல்லோடு உள்ளே ஓடினாள்.